யார்டு அண்ணனோடு பேசாத ஒன்பது நாள்

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். ஓசூரில் உன் லைன் இன்சார்ஜோடு பேச்சே இல்லை, ஷிப்ட் மாறும்போது நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த சீசனில் நானும் ஒன்பது நாள் அப்படித்தான் இருந்தேன்.

மாம்பழக்கூழ் ஃபேக்டரி லேபில் என் வேலை உனக்குத் தெரியும். பெங்களூரா மாம்பழக் கூழுக்கு பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, 14 வேண்டும். மழை பிடித்த அந்த வாரம் 12-லேயே நின்றது. காயைப் பழுக்க வைக்கும் யார்டுக்கு நேரே போயிருக்க வேண்டியவன், மேனேஜர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் 'யார்டில் பழத்தைப் பார்த்து அனுப்புவதே இல்லை' என்று போட்டுவிட்டேன். யார்டு அண்ணன் இருபது வருஷமாக மாங்காயோடு கிடப்பவர். அன்றோடு பேச்சு நின்றது. சேதியெல்லாம் கிரேட், அதாவது பழப் பெட்டி, தூக்கும் பையன்கள் வழியாகத்தான். 'இன்னும் ஒரு நாள் வைக்கச் சொல்' என்று நான் சொன்னால், 'லோடை நிறுத்தச் சொல்றாரு' என்று போய்ச் சேரும்.

பத்தாம் நாள் பிரிக்ஸ் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துக்கொண்டு யார்டுக்கே போனேன். "அண்ணே, இங்க என்ன நடக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் வைக்கோலைக் கிளறிக்கொண்டே இருந்தார். அப்புறம் கொட்டித் தீர்த்தார். மழைக்குப் பயந்து தோட்டக்காரர்கள் முற்றாத காயையும் பறித்துவிடுகிறார்களாம். ஐந்து நாள் வைக்க வேண்டியதை, கூழ் எடுக்கும் லைன் சும்மா நிற்கிறது என்று லைன்காரர்கள் மூன்றாம் நாளே இழுத்துக்கொள்கிறார்களாம். இதெல்லாம் லேபுக்குள் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒரு பழத்தைப் பிழிந்து, கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நீலமும் வெள்ளையும் சேருகிற கோடு 12-இல் நின்றது. "இதத்தான் சொன்னியா?" என்றார். அந்தக் கோட்டை அவரிடம் அதுவரை யாரும் காட்டியதில்லை.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "எல்லார் முன்னாடியும் போட்டுட்டியே தம்பி" என்றார். நியாயம்தானே? அன்றே அதே குரூப்பில், நேரில் கேட்காமல் எழுதியது என் தப்பு என்று போட்டேன். இரண்டு பேருமாகப் போய் மேனேஜரிடம் பேசினோம். இப்போது லோடு வந்த தேதியைக் கிரேட் அடுக்கில் சாக்பீஸால் எழுதுகிறோம். அண்ணன் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் அடுக்கு லைனுக்குப் போகும்.

நீயும் அந்த நோட்டை மூடு. ஷிப்டுக்குக் கால் மணி முன்னால் போய், ஒரு டீ வாங்கிக்கொண்டு அவரை ஓரமாகக் கூப்பிடு. 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்று ஆரம்பிக்காதே. எந்த நாள், என்ன நடந்தது, அதனால் உனக்கு என்ன சிரமம், அவ்வளவு சொல். மீதி நேரம் அவர் பேசட்டும்.

பேசியதும் எழுது. ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தால் வா, அண்ணன் உனக்கென்று ஒரு பெட்டி நீலம் மாம்பழம் பழுக்க வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்