துண்டான விரலை ஐஸில் புதைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஆலை விபத்தில் துண்டான கையை மருத்துவர்கள் ஒட்டவைத்த செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. அறுவை சிகிச்சை எத்தனை மணி நேரம் நடந்தது என்பதோடு அது முடிந்துவிடுகிறது. விரலை எப்படிக் கொண்டுவந்தார்கள், பிறகு அது மடங்கியதா என்பது வருவதில்லை. வாசகருக்குப் பயன்படுவது அந்த இரண்டும்தான்.

துண்டான பாகத்தை நேரே ஐஸ் கட்டிக்குள் புதைப்பதே அடிக்கடி நடக்கும் தவறு. திசு உறைந்து ரத்தக்குழாயின் உட்சுவர் கெட்டுவிடும். பிறகு தைத்தாலும் ரத்தம் ஓடாது. தண்ணீரில் போட்டாலோ ஊறி உப்பிவிடும். சலைனிலோ குடிநீரிலோ ஒருமுறை அலசி, நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தக் கவரை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவருக்குள் வையுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். காயத்தின் மேல் துணி வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். தோலில் தொங்கும் விரலை வெட்டி எடுத்துவிடாதீர்கள். அந்தத் தோல் வழியே, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் ஒரு சிரை ஓடிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக் குளிரில் வைத்த விரல் 24 மணி நேரம் வரைகூடத் தாங்கும். வைக்காவிட்டால் சுமார் 12. மணிக்கட்டுக்கு மேலே, முழங்கைப் பக்கமாகத் துண்டானால் கெடு இதில் பாதிதான், ஏனெனில் தசை சீக்கிரம் அழியும். தகடு அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் நசுங்கிய விரலை "இனி ஆகாது" என்று ஆலையிலேயே விட்டு வருகிறார்கள். அதை ஒட்ட முடியாமல் போனாலும், அதன் தோலும் எலும்பும் நரம்பும் பக்கத்து விரலைச் சீரமைக்க உதவும். கிடைத்ததையெல்லாம் எடுத்து வாருங்கள்.

அறுவையில் எலும்பைச் சற்றுக் குறைத்துக் கம்பியால் பொருத்துவார்கள். குறைத்தால்தான் ரத்தக்குழாய்கள் இழுபடாமல் சேரும். பிறகு தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைத் தைப்பார்கள்; மைக்ராஸ்கோப்பின் கீழ், விரலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, நரம்பு, சிரை. அடுத்த சில நாட்களில் விரல் வெளுத்தால் தமனியிலும், நீலம் பாரித்து வீங்கினால் சிரையிலும் அடைப்பு இருக்கலாம். உடனே சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் அறவே கூடாது. நிகோட்டின் அந்த மெல்லிய குழாய்களைச் சுருக்கிவிடும்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். தைத்த தசைநாணை அசைக்காமலே வைத்திருந்தால் சுற்றுத்திசுவோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இறுக்கிப் பிடித்தால் அறுந்துபோகும். ஆகவே முதல் வாரத்திலேயே பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் அளவான பயிற்சி, பொதுவாக 6 வாரம் ஸ்பிளின்ட் (கையைத் தாங்கும் அச்சுக்கட்டு), கனமான வேலைக்குத் திரும்ப 12 வாரம். நரம்பு நாளொன்றுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்திருந்தால் விரல்நுனியில் உணர்ச்சி திரும்ப ஆறு மாதமாவது ஆகும்; அதுவரை சூடான டம்ளரைத் தொட்டாலும் சுட்டது தெரியாது.

நான்காம் வாரத்திலேயே வேலைக்குத் திரும்பித் தசைநாணை அறுத்துக்கொள்பவர்களை அலட்சியக்காரர்கள் என்று திட்டிப் பயனில்லை. சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு உள்ள தொழிலாளிக்கு, பணியிடக் காயத்தால் வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் பதிவு செய்யாமல் விட்டவருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆலைகளை ஆய்வு செய்யும் அதிகாரிகள் இயந்திரத்தின் காப்புத் தடுப்பைப் பார்க்கும்போதே, அதை இயக்குபவரின் இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கை அறுவை சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள்,
கோவை