டேக் வினைக்கு மாற்றுச்சொல் பட்டியல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலப் பாடத்தைப் படித்தேன். எடு என்று பொருள்படும் டேக் (take) என்ற வினைச்சொல்லைத் தலைப்பில் போட்டு, அதன் கீழே சீஸ் (seize), கிராப், அக்செப்ட், ரிசீவ், கேப்சர், ரிமூவ், கன்ஸ்யூம் என்று மாற்றுச்சொற்களை அடுக்கியிருந்தீர்கள். எங்கும் டேக் என்றே எழுதாமல் இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் நடை உயரும் என்ற அறிவுரையும் இருந்தது. மும்பை தாராவியில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த அறிவுரை அவர்களுக்குக் கெடுதல் செய்யும் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

இப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு வரும் பிள்ளை, ‘ஐ சீஸ்டு மை மெடிசின்’ என்று எழுதுகிறது. ‘மை மதர் கேப்சர்டு மீ டு த டாக்டர்’ என்று எழுதுகிறது. சுங்கத்துறை கடத்தல் தங்கத்தைப் பறிமுதல் செய்வது சீஸ். கோட்டையையோ எதிரியையோ பிடிப்பது கேப்சர். மாத்திரை போட்டுக்கொள்வதற்கும் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கும் அங்கே இடமில்லை. பிள்ளையை இதில் குறை சொல்ல முடியாது. பெரியவர்கள் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது.

இந்தச் சொற்கள் ஏன் ஒன்றுக்கொன்று மாறி நிற்பதில்லை என்பதற்கு ஆங்கிலத்தின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. டேக் ஆதியில் ஆங்கிலச் சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு நிமன் என்று ஒரு வினை இருந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் சொல்லும் நேமன் அதன் உறவுதான். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் மொழியிலிருந்து டாகா என்ற சொல் உள்ளே வந்து, மெல்ல மெல்ல நிமனை வெளியே தள்ளிவிட்டது. மரத்துப்போனதைச் சொல்லும் நம் (numb) என்ற ஆங்கிலச் சொல்லில் அந்தப் பழைய வினை இன்னும் ஒளிந்திருக்கிறது. உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பதுதான் அதன் அடிப்பொருள். பிறகு 1066-இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்றார்கள். அரசவையும் சட்டமும் நெடுங்காலம் பிரெஞ்சில் நடந்தன. சீஸ், ரிசீவ், அக்செப்ட், ரிமூவ் எல்லாம் பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தவை. அதிலும் சீஸ், நிலத்தின் உரிமையைக் கையில் ஒப்படைப்பது பற்றிய சட்டச் சொல்லாக இருந்தது. ஆக, வீட்டுக்கும் தெருவுக்கும் டேக், எழுத்துக்கும் அலுவலுக்கும் மற்றவை என்று வேலை பிரிந்துபோயிற்று. மாற்றிப் போட்டால் நடை உயராது, வாக்கியம்தான் பிசகும்.

நமக்கு இது புதிய செய்தியே இல்லை. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் கேட்டுப் பெறுவதற்கான சொற்கள். ஆனால் தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ, ஒத்தவனிடம் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. உயர்வு தாழ்வு பற்றிய அந்தக் காலத்துக் கணக்கு நமக்கு வேண்டாம். ஒரே பொருள் உள்ள சொற்களிலும் யார், யாரிடம், எப்போது என்ற வேறுபாடு உண்டு என்பதை இலக்கணத்தில் எழுதிவைத்த மொழி நம்முடையது. அதே மொழிக்காரர்களின் இதழ் ஆங்கிலத்துக்கு வரும்போது மட்டும் இதை ஏன் மறக்க வேண்டும்?

அடுத்தது பல பொருள் பிரச்சினை. அன்றாடம் புழங்கும் சிறிய வினைகளில்தான் பொருள் அதிகம் குவிந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தியபோது ரன் என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் கணக்கானது. அந்த ஒரு சொல்லை முடிக்க அதைத் தொகுத்தவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. டேக்கும் அந்த வகைதான். மருந்து, பஸ், படம், பரீட்சை, நேரம், ஆலோசனை, ஓய்வு எல்லாவற்றோடும் அது ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டில் ஐந்தை எடுத்தால் ஏழு என்பதும் அதுவே, ஒரு பாட்டில் இரண்டு லிட்டர் கொள்ளும் என்பதும் அதுவே. பின்னால் ஒரு சிறு சொல் சேர்ந்தால் இன்னும் விரியும். டேக் ஆஃப் என்றால் விமானம் கிளம்பும், சட்டை கழலும், வேலைக்கு லீவு விழும். டேக் ஆஃப்டர் என்றால் அப்பாவின் ஜாடை. டேக் இன் என்றால் ஏமாற்றுவதும் உண்டு, வீட்டில் இடம் கொடுப்பதும் உண்டு, தொளதொளவென்று இருக்கும் சட்டையைப் பிடித்துத் தைப்பதும் உண்டு. கடைசிப் பொருளை எங்கள் பகுதிப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பல வீடுகளில் தையல்தானே தொழில்!

இவ்வளவையும் ஒரு பிள்ளை எப்படிக் கற்கும் என்று மலைக்க வேண்டியதில்லை. அதன் வாயிலேயே இதற்கு ஈடான வினை இருக்கிறது. எடு என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். துணி எடுக்கிறோம், பெண் எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், படம் எடுக்கிறோம். பசி எடுக்கிறது, வலி எடுக்கிறது. டீச்சர் வகுப்பு எடுக்கிறார், பாம்பு படமெடுக்கிறது. துணி என்றால் எடுப்பதும் அரிசி என்றால் வாங்குவதும் வாடகை வீடு என்றால் பிடிப்பதும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. பக்கத்துச் சொல்லோடு சேர்த்துக் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான்.

மும்பைப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு மொழி கூடுதல் பலம். இந்தியில் சமஜ் லோ, மராத்தியில் சமஜூன் கே, தமிழில் புரிந்துகொள். இவற்றின் கடைசியில் வரும் லேனா (லோ), கேணே (கே), கொள் மூன்றுக்குமே அடிப்பொருள் எடுத்துக்கொள்வதுதான். மூன்றும் இன்னொரு வினையின் பின்னால் போய் ஒரே மாதிரி நிற்கின்றன. மராத்திக்காரர்கள் விலைக்கு வாங்குவதையே விகத் கேணே என்கிறார்கள். ஆங்கிலேயனும் கடையில் பொருளைப் பார்த்துவிட்டு ‘ஐ வில் டேக் இட்’ என்றுதான் சொல்வான். இதைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசும் பிள்ளை, மராத்தி வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்று எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

தாய்மொழி சறுக்கிவிடும் இடங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். இந்தியிலும் மராத்தியிலும் மாணவன் பரீட்சையைக் ‘கொடுப்பான்’, ஆசிரியர் ‘எடுப்பார்’. அதனால் இங்குள்ள பிள்ளைகள் ‘ஐ கேவ் மை எக்ஸாம்’ என்கிறார்கள். ஊரில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, பரீட்சை எழுதினேன் என்பதை அப்படியே ‘ஐ ரோட் மை எக்ஸாம்’ என்று சொல்லும். ஆங்கில நாடுகளில் மாணவன்தான் எக்ஸாமை டேக் செய்வான். வகுப்பும் அப்படியே. அமெரிக்காவில் ஒருவர் ‘ஐ ஆம் டேக்கிங் எ கிளாஸ்’ என்றால் படிக்கிறார் என்று அர்த்தம்; நம் ஊரில் பாடம் நடத்துகிறார் என்று அர்த்தம். நம் வழக்கு தவறு என்று நான் சொல்லவில்லை, இந்தியா முழுக்க அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசப்போகிற பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் மார்க் எடுத்தேன் என்பதை ‘ஐ டுக் நைன்டி மார்க்ஸ்’ என்று எழுதினாலும் திருத்தித்தான் ஆக வேண்டும். அங்கே டேக் வராது, கெட் அல்லது ஸ்கோர். தங்கள் பாடத்தில் இப்படி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

இதையொட்டி இன்னொன்று. எங்கள் பகுதிப் பிள்ளைகள் போகும் ஒரு பள்ளியில், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தினால்தான் ஆங்கிலம் வரும் என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். பீடி சுற்றியும் இட்லி விற்றும் ஃபீஸ் கட்டுகிற அம்மாக்கள் அதை நம்பி, பிள்ளையிடம் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. எடு என்ற வினையை அந்த அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைக்குத்தான் டேக் சீக்கிரம் வசப்படும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. பல மொழி பேசும் நகரத்தில் மொழியைக் கழித்துவிட்டு மொழி சொல்லித்தர நினைப்பது என்ன நியாயம்?

மாற்றுச்சொல் நூல்களே வேண்டாம் என்பதல்ல என் வாதம். 1852-இல் வெளிவந்த ரோஜெட்டின் தெசாரஸ் கருத்து வாரியாகச் சொற்களைத் தொகுத்தது. எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று ஏற்கெனவே தெரிந்தவர், நினைவுக்கு வராத சொல்லைத் தேடிப்பிடிக்க அது உதவும். புதிதாகக் கற்கிறவருக்கு வேண்டியது வேறு வகைப் புத்தகம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி அங்கே தன் மாணவர்கள் தடுமாறுவதைப் பார்த்துத்தான், ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும், வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்று காட்டும் அகராதியை உருவாக்கினார். 1942-இல் அங்கே முதலில் அச்சானது. இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழியில் வந்தது. அதில் டேக் என்ற பக்கத்தை எடுத்துப் பாருங்கள், உதாரண வாக்கியங்கள் நிறைய இருக்கும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பாடங்களில் கெட், புட், செட், ரன் என்று எந்த வினையை எடுத்தாலும் மாற்றுச்சொல் வரிசையை விட்டுவிடுங்கள். அந்த வினை எவற்றோடு சேரும் என்று முழு வாக்கியங்களாகப் போடுங்கள். பக்கத்தில் தமிழில் அதே செயலுக்கு நாம் சொல்லும் வினையை எழுதுங்கள், மும்பைப் பதிப்பில் இந்தியும் மராத்தியும் சேரட்டும். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே சறுக்கும் என்று ஒரு வரியில் குறியுங்கள். ரயில், கடை, தையல், டியூஷன் என்று இங்குள்ள வாழ்க்கையிலிருந்தே வாக்கியங்கள் தேவைப்பட்டால், என்னிடம் படிக்கும் பிள்ளைகள் எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள். கெட் என்ற வினைக்கு அவர்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்,
தாராவி, மும்பை.