கல் பாதி, செங்கல் பாதி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடைப்பயிற்சிக்குப் போகிறாய் என்று அறிந்து நிம்மதி. நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். கட்டடப் பொறியாளனிடம் "அழகான பழைய வீடு" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. தெருவைப் பார்த்த சுவர் முழுக்கச் செங்கல், பிளெமிஷ் பாண்டு: ஒவ்வொரு வரிசையிலும் செங்கல்லின் நீளப் பக்கமும் குறுகிய பக்கமும் மாறி மாறி வரும் கட்டு. மற்ற மூன்று பக்கமும் செதுக்காத சுண்ணாம்புக்கல். மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் மட்டும் செங்கல். வருகிறவர்கள் அதை அலங்காரம் என்கிறார்கள். கரடுமுரடான கல்லில் நேரான மூலை பிடிக்க எவ்வளவு கூலி ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாடியில் ஒரு ஜன்னல் இருக்க வேண்டிய இடம் செங்கல்லால் அடைபட்டிருக்கிறது. 1696 முதல் 1851 வரை இங்கே ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள், அதற்குப் பயந்து அடைத்தது என்பது அக்கம்பக்கத்துக் கதை. எனக்கு நம்பிக்கையில்லை. அடைப்பின் செங்கல் வரிசைகள் சுற்றுச்சுவரின் வரிசைகளோடு பிசகாமல் ஓடுகின்றன; நிறமும் ஒன்றே. முகப்பு சமச்சீராகத் தெரியக் கட்டும்போதே வைத்த போலி ஜன்னலாகத்தான் இருக்கும். செங்கல்லுக்கும் 1784-இல் வரி வந்தது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. சூளைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? செங்கல்லைப் பெரிதாக்கிவிட்டார்கள்! 1803-இல் பெரிய செங்கல்லுக்கு இரட்டை வரி விதித்து அரசு அதற்கும் அணை போட்டது.

எனக்கு ஆத்திரம் வருவது பின்பக்க மூலையைப் பார்க்கும்போதுதான். எப்போதோ யாரோ பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு, இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துப் பாயிண்டிங் செய்திருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து விரிகிறது. செங்கல்லின் முகம் சிம்பு சிம்பாக உரிந்து, விரல் வைத்தால் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. சிமெண்ட் மட்டும் சட்டம் போல முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. சுவரைக் காப்பாற்ற வந்தது சுவரைத் தின்கிறது.

அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே வைக்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடு என்பதால் கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறார். பனிக்காலம் முடியாமல் சுண்ணாம்பு வேலையைத் தொடக் கூடாது என்கிறார் கொத்தனார். கோடையில் புறப்பட்டு வா. கலவை விகிதம் பற்றி அவரோடு நீ மல்லுக்கட்டுவதை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்