நன்னீர் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோருக்கும் பயிற்சித் திட்டம் வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நன்னீர் ஆய்வு விண்ணப்பங்களில் 'பல்துறை' என்ற சொல் இப்போதெல்லாம் தவறாமல் வருகிறது. ஆனால் பெரும்பாலும் அது முதல் பக்கத்தோடு சரி. நீரியலாளருக்கு ஓர் அத்தியாயம், வேதியியலாளருக்கு ஓர் அத்தியாயம், கடைசியில் சமூகவியலாளருக்கு 'மக்களிடம் விழிப்புணர்வு' என்று இரண்டு பத்தி. சேர்த்துத் தைத்தால் அறிக்கை தயார்.

வங்கதேசத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. குளத்து நீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்ததால், 1970-களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் அடிகுழாய்கள் இறங்கின. கிருமிக்கு அது சரியான வழிதான். அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது 1990-களில்தான் தெரியவந்தது. யாரும் கொட்டிய நஞ்சு இல்லை அது. வண்டலில் இரும்போடு ஒட்டிக் கிடந்து, ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் தானாகவே நீரில் கரைந்தது.

அப்புறம் பரிசோதனை தொடங்கியது. குப்பி மூடியில் செருகிய காகிதப் பட்டை மஞ்சளாகிப் பழுப்பேறினால் குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட், இல்லையென்றால் பச்சை. வேதியியலின் வேலை அத்தோடு முடிந்தது. பச்சைக் குழாய் இன்னொருவர் முற்றத்தில் இருந்தால்? அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லையென்றால்? தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. பல வருடம் கழித்து வரப்போகும் நோயை நினைத்து யார் தினமும் குடத்தோடு நடப்பார்கள்? இதைக் கேட்கத் தெரிந்தவர் குழாய் இறக்கும்போதே பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

1854-இல் லண்டனில் அப்படி நின்றார்கள், அதுவும் தற்செயலாக. பிராட் தெரு அடிகுழாய்தான் காலரா பரப்புகிறது என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. அதைப் பொய்யென்று காட்டக் கிளம்பினார் உள்ளூர்ப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். வீடு வீடாக ஏறி விசாரித்ததில் அவர் கண்டது, நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதை. தோண்டி அளந்தபோது, குழிக்கும் அந்த அடிகுழாயின் கிணற்றுக்கும் இடையே 3 அடிகூட இல்லை. மறுக்க வந்தவரே கடைசியில் ஸ்னோவின் பக்கம் சேர்ந்தார்.

இப்படி ஒருவரோடு ஒருவர் மோதிப் பேசப் பழக நாளாகும். 'பற்றாக்குறை' என்ற ஒரே சொல் நீரியலாளருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 கனமீட்டருக்குக் கீழ். குடம் சுமப்பவருக்கு இன்று எத்தனை நடை என்பது. அந்த முதல் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எதுவும் வராது. வராததற்காக மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். இரண்டு புலங்களிலிருந்து இரண்டு வழிகாட்டிகள், இருவருக்கும் கையெழுத்து அதிகாரம், தலைப்பை முடிவு செய்யும் முன்பே கூட்டாக ஒரு பருவம் களத்தில்: இவ்வளவுக்காவது நிதி கொடுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியும் சேருங்கள்: 'நீங்கள் சொல்வது தவறென்று சொல்லக்கூடியவர் இந்தக் குழுவில் யார், அவர் உங்களோடு எத்தனை மாதம் களத்தில் இருப்பார்?'

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவர்