பழைய ரம்ப மோட்டாரைப் புரியவைத்தவருக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போன அந்த அண்ணனுக்கு இந்த நன்றி. நான் சீர்செய்துவரும் பழைய பேண்ட்சா (ரம்பம்) மோட்டாரில் கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) இருக்கிறது, அதற்கு மின்சாரம் வரும் ஒயரையே காணோம். யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் படத்தைப் பார்த்ததுமே, இது ரிபல்ஷன் ஸ்டார்ட் வகை, அதாவது காந்த விலக்கத்தால் சுழலத் தொடங்கும் மோட்டார் என்றீர்கள். பிரஷ்கள் ஒன்றோடொன்று மட்டும்தான் இணைந்திருக்கும். மின்சாரம் ஸ்டேட்டருக்கு, அதாவது சுழலாமல் நிற்கும் வெளிச்சுருளுக்கு மட்டுமே. வேகம் ஏறியதும் உள்ளிருக்கும் எடைகள் விலகி, பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டரை ஷார்ட் செய்துவிடும் (பட்டைகளையெல்லாம் ஒன்றாக இணைத்துவிடும்), அப்புறம் அது பிரஷ் தேவைப்படாத சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார்தான். மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரே கிடையாது!

பட்டைகளுக்கு நடுவே அடைந்திருந்த கரியைச் சுரண்டினேன், பிரஷ் தாங்கியை அடையாளக் கோட்டுக்கு நேராக வைத்தேன். அதை நகர்த்தினால் சுழலும் திசையே மாறும் என்று நீங்கள் முன்பே எச்சரித்தது நல்லதாயிற்று. கம்பிச்சுருளை மறுபடி சுற்றும் ரீவைண்டிங் செலவும் மிச்சம். ரொம்ப நன்றி அண்ணா.