புதுக்கோட்டை ஆகஸ்ட் 15-ல் மறையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சுதந்திர தினச் சிறப்பிதழில், ‘படேலின் ஒரே மிரட்டலில் 1947 ஆகஸ்ட் 15-க்குள் புதுக்கோட்டை உட்பட எல்லா சமஸ்தானங்களும் மறைந்தன’ என்று ஒரு வரி. உங்கள் பத்திரிகையிலா இப்படி என்று மனசு கேட்கவில்லை.

தங்களுக்குத் தெரியாததா? அந்த ஆகஸ்டில் மன்னர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்றை மட்டும்தான் டெல்லிக்குக் கொடுத்தது. புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது 1948 மார்ச் 3-ல். அதுவரை ராஜகோபாலத் தொண்டைமான்தான் எங்கள் மன்னர். என் அப்பா சமஸ்தானத்தில் குமாஸ்தா. நாடு விடுதலை பெற்ற பிறகும் மாதக்கணக்கில் அவர் சமஸ்தானச் சம்பளம்தான் வாங்கினார்.

மிரட்டலே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரண்மனைக்கு அரண்மனை கதை வேறு. ஜோத்பூர் மன்னர் ஜின்னாவோடும் பேசிப் பார்த்தார். திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று 1947 ஜூனில் அறிவித்த திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், ஜூலை 25 அன்று வெட்டுப்பட்டார். சில நாட்களிலேயே மகாராஜா இணையச் சம்மதித்து வைஸ்ராய்க்குத் தந்தி கொடுத்தார். ஹைதராபாத்தில் பேச்சு இழுத்துக்கொண்டே போய், 1948 செப்டம்பரில் ராணுவம் நுழைந்தது. இவ்வளவுக்கும் ஓடியாடி இணைப்பு ஒப்பந்த வரைவு எழுதிய, படேலின் செயலர் வி.பி. மேனனின் பெயர் உங்கள் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை.

எங்கள் ஊர் விஷயத்தில் இது முதல் தடவையும் அல்ல. சில வருஷங்களுக்கு முன் எங்கள் அரண்மனைப் படத்தைப் போட்டு, ‘வெள்ளைக்காரன் கட்டிய கலெக்டர் ஆபீஸ்’ என்று எழுதினீர்கள். கலெக்டர் ஆபீஸ் இன்று அங்கே நடக்கிறது, அவ்வளவுதான். அப்போது நான் எழுதிய கடிதத்தை நீங்கள் பிரசுரிக்கவில்லை. சரி, இடமில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

இணைப்புக்குப் பிறகு நாங்கள் பட்டதை யாராவது எழுதியிருக்கிறார்களா? தலைநகராக இருந்த ஊர் திருச்சி மாவட்டத்தின் ஒரு மூலையாகி, தனி மாவட்டமான 1974 ஜனவரி வரை அப்படியே கிடந்தது. சமஸ்தானத்தில் வேலை பார்த்த வருஷங்களைப் பென்ஷனில் சேர்க்கச் சொல்லி அப்பா பஸ் ஏறி ஏறி ஓய்ந்துபோனார். ஒவ்வொரு மேஜையிலும் பழைய காகிதம் கேட்டார்கள். மன்னர்களுக்கோ அரசியல் சட்டத்திலேயே மானியம் உறுதி செய்யப்பட்டிருந்தது. அதுவும் 1971-ல் ஒரு திருத்தத்தில் போய்விட்டது. மன்னராட்சி திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொடுத்த வாக்கை இப்படி முறிக்கலாமா என்று அன்று கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ‘புதுக்கோட்டை இணைந்த நாள் 1948 மார்ச் 3’ என்று ஒரே வரி. அரண்மனைப் படத்தின் குறிப்பையும் கூடவே திருத்தினால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
புதுக்கோட்டை