முதல் நாளில் நீட்டும் அந்தப் படிவம்

தொழிலாளர் சட்டங்களை எழுதுபவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குச் சேரும் எல்லாரையும் ஓய்வூதியத் திட்டத்தில் கட்டாயம் சேர்ப்பதா, அவரவர் விருப்பத்துக்கு விடுவதா என்று நீங்கள் யோசிக்கும்போதெல்லாம் 'விருப்பம்' என்ற சொல் முன்னால் வந்து நிற்கிறது. அந்த விருப்பத்தை நானும் ஒருமுறை தெரிவித்திருக்கிறேன்.

முதல் வேலை, முதல் நாள். பத்துப் பன்னிரண்டு தாள்கள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி. ஒரு தாளில் மட்டும் இரண்டு கட்டம்: சேர விருப்பம், விருப்பமில்லை. "சேர்ந்தா கைக்கு வர்ற சம்பளம் குறையும்" என்றார் தாளை நீட்டியவர். அவ்வளவுதான், இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். நான் சேர்ந்தால் நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்பது ஏழு வருடம் கழித்து வேலை மாறும்போதுதான் உறைத்தது.

பிரிட்டனில் 2012 முதல் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். தகுதியுள்ள ஊழியரை நிறுவனமே சேர்த்துவிட வேண்டும், வேண்டாதவர் ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் விலகல் படிவத்தைப் பொதுவாகத் திட்டத்தை நடத்துபவரிடம்தான் வாங்க வேண்டும், விலகச் சொல்லி நிறுவனம் தூண்டுவது சட்டவிரோதம். விலகியவரை ஏறக்குறைய 3 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சேர்க்கிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விதி, 23 வயதில் போட்ட டிக் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டிருக்காது பாருங்கள். ஆஸ்திரேலியா இன்னும் கறார்: 1992-லிருந்து நிறுவனம் கட்டியே ஆக வேண்டும், இப்போது அது சம்பளத்தில் 12 சதவீதம்.

சரி, கந்துவட்டி கட்டிக்கொண்டிருப்பவரிடம் முதுமைக்குச் சேமி என்று சொல்ல முடியுமா? முடியாது. அதனால்தான் நிறுவனத்துக்குக் கட்டாயம், ஊழியருக்கு வெளியே போக ஒரு கதவு என்கிறேன். நியூசிலாந்தின் கிவிசேவர் திட்டத்தில் ஒரு வருடம் ஆனபின் பிடித்தத்தை 3 மாதம் முதல் ஒரு வருடம் வரை நிறுத்திவைக்கலாம். அந்தக் காலம் முடிந்ததும் மறுபடி தொடங்கிவிடும். அப்படி ஒரு இடைவெளி கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. கட்டாயம் என்று வாங்கினால் அந்தப் பணத்துக்குக் காவலும் நீங்கள்தான். 1991-இல் பிரிட்டனின் பத்திரிகை அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல் இறந்த பிறகுதான், அவருடைய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது வெளியே வந்தது. ஊழியர்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்று ஒரு தொகை அச்சாவது போதாது. போன மாதம் பிடித்தது என் கணக்கில் எந்தத் தேதியில் ஏறியது, நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்பதையும் அதே சீட்டில் அச்சிட வையுங்கள்.

இப்படிக்கு,
ஏழு வருடப் பங்கைக் கோட்டை விட்ட ஒருவன்